நடுவழி லிஃப்டில் நாற்பத்தோரு வினாடி

மார்ச் 3, செவ்வாய், காலை 10.40.
நான் உனக்குப் போட்ட போன்: பதினேழு. நீ எடுத்தது: பூஜ்யம்.

அக்கா,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்துக்கு, காய்ச்சல் என்று லீவு கேட்டு. அதையும் நீதான் எழுதினாய், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். 'போன் வேண்டாம், லெட்டர் போடச் சொல்' என்று அம்மாவிடம் சீட்டு வைத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டால் நான் வேறு என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். கூட இருக்கும் பென் டிரைவில் போன மாதக் கச்சேரி முழுவதும் இருக்கிறது. நாலு பாட்டு, மிக்ஸ் முடித்துவிட்டேன். அந்தப் பழைய துணிக் கிடங்கில் கூரைத் தகரம் எழுப்பிய சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டு இவ்வளவு சுத்தமாக வேறு எவனும் கொடுக்க மாட்டான். சொல்லிக்காட்டவில்லை, தகவல்.

முதல் மூன்று பாட்டுக்கும் உன் காலில் விழலாம். நாலாவதுதான் தகராறு. 'நடுவழி லிஃப்ட்' பன்னிரண்டு நிமிடம் நாற்பது வினாடி வரை எங்கேயோ போகிறது. அங்கே திடீரென்று டிரம்பெட்டை இறக்கினாய். பாண்டு மொத்தமும் நின்றது. நாற்பத்தோரு வினாடி மயான அமைதி. பிறகு ஐந்து நிமிடம் நீ வாசிக்கவே இல்லை. மைக்கோடு இணைத்த எதிரொலிப் பெட்டிக்குள் வெறும் காற்றை ஊதிக்கொண்டு டிரம்பெட்டின் வால்வுகளைத் தட்டிக்கொண்டிருந்தாய். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், உண்மை. ஜனங்கள் மைக் டெஸ்டுக்கும் தட்டுவார்கள்.

அந்த இடத்தை வெட்டிவிட்டேன். வியாழக்கிழமை ஒத்திகையில் அதே பாட்டுக்கு நீ வாசித்த சோலோ என்னிடம் இருந்தது. அதை எடுத்து, கிடங்கின் எதிரொலியைப் பூசி, பன்னிரண்டு நாற்பதில் ஒட்டிவிட்டேன். ஒட்டு எங்கே என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், தெரியவில்லை.

கச்சேரி முடிந்து திரும்பும்போது வேனில் நான் சொன்னதற்குத்தான் இத்தனை கோபமா? "நோட் மறந்துட்டே, ஒப்பேத்திட்டே" என்றேன். சொன்னேன்தான். நீ என் காதைத் திருகியிருக்கலாம். இருபது வருஷ நடைமுறை அதுதானே? ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் ஆளையே காணோம்.

ஏப்ரல் பத்துக்குள் நான் ரெக்கார்டு கம்பெனி மேனேஜர் அம்மாவிடம் முடிவான பிரதியைக் கொடுக்க வேண்டும். 'ஓகே' என்று ஒரு வரி எழுதிப் போடு. போதும்.

மீட்டர்

(உன் டிரம்மர் வைத்த பெயர் இப்போது ஸ்டூடியோ வாட்ச்மேன் வரை பரவிவிட்டது. அவனிடம் சொல்லிவை.)


மார்ச் 9

தம்பிக்கு,

பென் டிரைவ் வந்தது. தோழியின் கம்ப்யூட்டரில் போட்டு, திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். இப்போதெல்லாம் திரையைப் பார்த்தால் கண் எரிகிறது. அதனால் மெசேஜும் வேண்டாம். இங்கே தபால்காரர் ஒழுங்காக வருகிறார்.

மூன்று பாட்டும் நன்றாக வந்திருக்கின்றன. டிரம்ஸை இவ்வளவு பக்கத்தில் நான் எந்த ரெக்கார்டிலும் கேட்டதில்லை. அதற்கு உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

நாலாவது பாட்டில் பன்னிரண்டு நாற்பதுக்குப் பிறகு ஒரு பெண் வந்து வாசிக்கிறாளே, யார் அவள்? நல்ல வாசிப்பு. சுருதி பிசகவில்லை. வியாழக்கிழமை மாலை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நாலு பேர் மட்டும் இருந்த அறையில் வாசித்தவள் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மேடையில் அவளை நான் பார்க்கவில்லை. அங்கே நான்தான் இருந்தேன்.

எங்கள் கூட்டத்தின் சட்டம் உனக்குத் தெரியும். நாங்கள் எழுதி வைத்து வாசிப்பதில்லை. தலையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை. என் டிரம்பெட்டின் வாய் தரையைப் பார்த்தால் எல்லோரும் நிறுத்த வேண்டும். வாய் எழுந்தால் சேர்ந்துகொள்ள வேண்டும். நடுவில் எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணக் கூடாது. ஆறு வருஷமாக இப்படித்தான். அன்றைக்கு வாய் தரையைப் பார்த்தது, அவர்கள் நிறுத்தினார்கள். கிடங்கில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எண்ணியவன் நீ ஒருத்தன்தான்.

வெட்டியதைத் திரும்ப வை. நாற்பத்தோரு வினாடியையும், அதன் பிறகு வந்த ஐந்து நிமிடத்தையும். அட்டையில் 'நேரடிக் கச்சேரி' என்று போடப்போகிறீர்கள். அப்புறம் உன் இஷ்டம் என்று நான் சொல்ல முடியாது, ஏனென்றால் அது என் கச்சேரி.

அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

அக்கா


மார்ச் 13, வெள்ளி, பிற்பகல் 2.15.

அக்கா,

'தம்பிக்கு' என்று ஆரம்பித்திருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்று தவிர நீ கூப்பிட்டதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது.

திரும்ப வைக்க முடியாது. காரணம் சொல்கிறேன், நீயும் காரணத்தோடு பதில் சொல். ரேடியோவில் பத்து வினாடி சத்தம் இல்லையென்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அலாரம் அடிக்கும். போனில் கேட்கிறவன் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைப்பான். நாற்பத்தோரு வினாடி அமைதியை ரெக்கார்டில் விற்பது, தண்ணீர் கேட்டவனுக்குக் காலி டம்ளரைக் கொடுத்து 'குடிச்சுப் பாரு, ஆழமா இருக்கும்' என்பது போல.

மேனேஜர் அம்மா நேற்று ஸ்டூடியோவுக்கு வந்து கேட்டார். ஒட்டிய சோலோ வரும்போது கண்ணை மூடிக்கொண்டார். "இந்த ஒரு இடத்துக்காகவே வாங்குவாங்க தம்பி. உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்றார். ஒட்டு என்று நான் சொல்லவில்லை.

உன் டிரம்மரும் வந்தான். தூங்குமூஞ்சி வழக்கம்போல சோபாவில் சாய்ந்தான். ஒட்டிய இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"இது இல்லையேடா. அந்த கேப் எங்க?"

"தூக்கிட்டேன்."

"லூசாடா நீ? அந்த நாப்பது செகண்டு நான் தூங்கலடா. பயந்துட்டேன். அக்கா திரும்பி வருவாளான்னு இருந்துச்சு."

"எங்க போனா? அங்கதானே நின்னா?"

"நின்னா. முதுகுதான் தெரிஞ்சுது எனக்கு. தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குச்சு. என்னமோ பண்ணிகிட்டு இருந்தா."

அவனுக்குக் காதைவிடக் கற்பனை அதிகம், விடு.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. நேற்று மதியம் நீ போனை எடுத்தாய். நான் "ஹலோ, அக்கா" என்றேன். ஏழு வினாடி உன் மூச்சு கேட்டது. பிறகு வைத்துவிட்டாய். எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதற்கு எடுக்காமலே இருந்திருக்கலாம். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "என்கிட்டகூடப் பேச முடியாத அளவுக்கு அப்படி என்னடா சொன்னே அவளை?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

நான் சொன்னது ஒரே ஒரு வரி. அது தப்பு என்றால் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல். நோட் மறந்ததா? எதிரொலிப் பெட்டி மக்கர் பண்ணியதா? சொன்னால்தானே தெரியும்? எனக்கு ஜோசியம் தெரியாது.

மீட்டர்


மார்ச் 19

தம்பி,

இந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு கண்ணாடி. கண்ணாடியை நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். டிரம்பெட் பெட்டிக்குள் தூங்குகிறது. கீழே ஒரு சைக்கிள் கடை. நாள் முழுவதும் அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பார்க்க அலுக்கவே இல்லை. டீயை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே, இந்த ஊர் நாகரிகம்.

உன் கடிதம் வந்த அன்றைக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. எனக்குப் பதினாறு, உனக்கு ஆறு. பள்ளி பாண்டிலிருந்து டிரம்பெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த புதிது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று அம்மாவின் துண்டை அதன் வாயில் திணித்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாய். கையில் மாமா கொடுத்த ஸ்டாப்வாட்ச். நான் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து இழுப்பேன். நீ கத்துவாய்: "இருபத்தாறு! நேத்து இருபத்தெட்டு! சோம்பேறி!" உலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் ரசிகன் நீ. முதல் வட்டிக்காரனும் நீதான்.

ஒரு நாள் உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் நீ இன்னும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நிறுத்தலையாடா?" என்று கேட்டேன். "நீ இன்னும் முடிக்கலையே. டிரம்பெட்டைக் கீழ வைக்கலையே" என்றாய்.

அந்தப் பயல் எங்கே போனான் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ காரணம் கேட்டாய். என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். உன் பென் டிரைவில் ஒட்டாத பிரதியும் இருந்தது, அதையும் கேட்டேன். அதில் அந்த நாற்பத்தோரு வினாடி கல்லறை மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லையடா. ஃபேன் ஓடியது, யாரோ இருமினார்கள், நாற்காலி கிறீச்சிட்டது. என் டிரம்பெட்டின் மேலேயே ஒரு மைக் இருந்தது. நான் சும்மா நிற்கவில்லை. அதெல்லாம் எங்கே போயிற்று? என்ன செய்தாய்?

திரையில் கோடுகளைப் பார்க்காதே. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை காதால் கேள். கேட்ட பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்று தோன்றினால் வெட்டிக் கொடுத்துவிடு. ஆனால் அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. வியாழக்கிழமைக்காரியின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா


மார்ச் 24, செவ்வாய், மாலை 6.05.
இதற்கு முன் கிழித்துப் போட்ட கடிதங்கள்: நான்கு.

அக்கா,

கேட்டேன்.

உன் மைக்கில் நான் ஒரு கதவு வைத்திருந்தேன். நாய்ஸ் கேட் என்போம். சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாகச் சாத்திக்கொள்ளும். வேண்டாத இரைச்சல் உள்ளே வராது. மிக்ஸ் பண்ணுகிற எல்லோரும் செய்வதுதான். ஹால் மைக்குகளையும் துடைத்து வைத்திருந்தேன். அதாவது உனக்குக் காலி டம்ளர் கதை எழுதினேனே, அந்த டம்ளரைக் கவிழ்த்தவன் நான்தான். நானே கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

இன்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதிவானதைப் பதிவானபடியே போட்டேன். திரையை அணைத்தேன்.

ஃபேன். இருமல். நாற்காலி. அப்புறம் நீ.

ப்ஃப். உதட்டை மவுத்பீஸில் வைத்து அதிரவைக்கப் பார்க்கிறாய். அதிரவில்லை. ப்ஃப். வெறும் காற்று பக்கவாட்டில் போகிறது. ப்ஃப். கையால் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை முயற்சி செய்கிறாய் என்று நினைக்கிறேன், மோதிரம் உலோகத்தில் படுகிற சத்தம் வருகிறது. ஒன்பது தடவை. ஒன்பதாவதுக்குப் பிறகு ஒன்றுமில்லை. பிறகு மிக மெதுவாக நீ ஒரு வார்த்தை சொல்கிறாய். "சரி."

யாரிடமும் இல்லை. உனக்கு நீயே. அப்புறம்தான் அந்தக் காற்று ஆரம்பிக்கிறது.

பின்னோக்கிப் போய் ஆரம்பத்திலிருந்து கேட்டேன். முதல் பாட்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டிலேயே உன் உதட்டோரம் கசிய ஆரம்பித்துவிட்டது, பஞ்சரான டியூப் போல. சைக்கிள் கடைக்காரர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. அப்படியிருந்தும் நாலாவது பாட்டை எடுத்து, அதில் பன்னிரண்டு நிமிடம் நாற்பது வினாடி வாசித்தாய். பாதி உதட்டோடு. இரண்டு மீட்டர் தள்ளி மானிட்டர் ஸ்பீக்கரின் வயரைக் கட்டிக்கொண்டு நான் நின்றேன்.

கண் எரிகிறது. ஸ்ட்ரா. கண்ணாடி திரும்பி நிற்கிறது. போனில் ஏழு வினாடி மூச்சு. வேனில் பதில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற என் சிநேகிதனிடம் படித்துக்காட்டினேன். அவன் நோயின் பெயரோடு சொன்னான். சுற்றிவளைக்க எனக்கு வராது, நேராகவே கேட்கிறேன். முகத்தில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லையா? எந்தப் பக்கம்? ஒலியில் பக்கம் தெரியவில்லை. டாக்டரிடம் எத்தனையாவது நாள் போனாய்? இந்த நோய்க்கு முதல் மூன்று நாள் முக்கியமாம். போனாயா இல்லையா?

வரட்டுமா? கேட்டுவிட்டு வருவது என் வழக்கமில்லை. இந்த ஒரு தடவை கேட்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளைப் பார்த்து நேராகப் பேச முடியவில்லை. 'முழிக்கிற முழியே சரியில்லையே' என்கிறாள்.

மீட்டர்


மார்ச் 28

டேய்,

இடது.

மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போய்விட்டேன், உன் சிநேகிதனுக்குச் சொல். முக நரம்பில் வீக்கமாம். ஏன் வருகிறது என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. மாத்திரை சாப்பிட்டாயிற்று. தோழி சும்மா தோழி இல்லை, பிசியோதெரபிஸ்ட். அதனால்தான் இங்கே வந்தேன். தினமும் காலையில் என் முகத்தைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைகிறாள். இடது கண் முழுதாக மூடாது. தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறேன். சிரித்தால் வலது பக்கம் மட்டும் கல்யாண வீடு, இடது பக்கம் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வேடிக்கை பார்க்கும்.

நடந்ததைக் கேட்டாயே, சொல்கிறேன். இரண்டாவது பாட்டில் காதுக்குப் பின்னால் வலித்தது. மூன்றாவதில் மவுத்பீஸ் வேறு யாருடைய உதட்டிலோ இருக்கிற மாதிரி இருந்தது. நாலாவதில் மேலே ஏறுகிற இடத்தில் உதடு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லையடா. டிரம்பெட் தானாகத்தான் இறங்கியது. கை தளர்ந்ததும் வாய் தரையைப் பார்த்துவிட்டது. எங்கள் சட்டப்படி மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள். தூங்குமூஞ்சிகூட! திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. எல்லோரும் எனக்காக எண்ணாமல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த 'சரி' எனக்கு நினைவே இல்லை. நீ எழுதித்தான் தெரியும்.

ஆனால் அதற்குப் பிறகு வந்தது எல்லாம் நினைவிருக்கிறது. உதடு இல்லை, ஆனால் காற்று இருக்கிறது, விரல் இருக்கிறது என்று தோன்றியது. எதிரொலிப் பெட்டியில் காற்றை ஊதினேன், அது திரும்பி வந்தது. வால்வைத் தட்டினேன், தூங்குமூஞ்சி குச்சியின் அடிப்பக்கத்தால் பதில் தட்டினான். இருபது வருஷமாக உதட்டை நம்பி வாசித்தவள் நான். உயரமாக வாசிப்பேன், நீளமாகப் பிடிப்பேன், ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எதையும் காட்டாமல் வாசித்தேன். நீ அதைத்தான் ஒப்பேத்தல் என்றாய். வேனில் உன்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். 'போடா' என்று சொல்ல வந்தேன், வரவில்லை. எச்சில்தான் வழிந்தது. ஜன்னல் பக்கம் ஏன் திரும்பினேன் என்று இப்போது தெரிகிறதா?

போனை எடுத்ததும் அப்படித்தான். 'தம்பி' என்று சொல்லப் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு உதடு இரண்டும் இறுகச் சேர வேண்டும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். 'அம்மா'வுக்கும் அப்படித்தான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். இந்த ரெக்கார்டைக் கேட்கிறவன் காதில் 'ஐயோ பாவம்' முதலில் விழுந்துவிட்டால் அப்புறம் டிரம்பெட் விழ இடம் இருக்காது. அதனால் கம்பெனிக்குத் தெரியக் கூடாது, அட்டையிலும் ஒரு எழுத்து வரக் கூடாது. உன்னிடம் மறைத்தது வேறு. என் ஸ்வரத்தை ஆறு வயதிலிருந்து அளந்தவன் நீ. நான் சொல்லாமல் உனக்குக் கேட்கும் என்று நினைத்தேன். வீம்புதான். குடும்பச் சொத்து, உனக்கும் பங்கு வந்திருக்கிறது.

திரும்ப வாசிப்பேனா என்று டாக்டரைக் கேட்டேன். "பெரும்பாலும் சரியாயிடும்மா, மாசக்கணக்குல ஆகலாம்" என்றார். "டிரம்பெட்?" என்றேன். "அது எனக்குத் தெரியாதும்மா" என்றார். நல்ல மனிதர். போன வாரம் உதட்டோரம் ஒரு துடிப்பு வந்த மாதிரி இருந்தது. தோழி "வந்துச்சு" என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. டிரம்பெட் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. திறந்து, ஊதி, ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல்தான் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இதைத் தோழியிடம்கூடச் சொல்லவில்லை.

ரெக்கார்டைப் பற்றி: அந்த ஒன்பது 'ப்ஃப்'பும் என்னுடையவை. அவற்றை விற்காதே. 'சரி' வேண்டுமானால் இருக்கட்டும். மீதியை நீ பார்த்துச் செய்.

வராதே. நீ வந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாதவன் மாதிரி ஸ்பீக்கர் விலை பேசுவாய். எனக்கு அழுகை வரும். ஒரு கண்ணைத் துடைக்கக்கூட ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

அக்கா


மார்ச் 31, செவ்வாய், காலை 9.20.
ஒட்டிய பிரதிகள் மீதம்: பூஜ்யம்.

அக்கா,

வராதே என்று எழுதியிருக்கிறாய். படித்தேன். கேட்டது என் தப்பு, இனி கேட்கமாட்டேன்.

முதலில் வேலை. வியாழக்கிழமைக்காரியை அழித்துவிட்டேன். ஃபேன், இருமல், நாற்காலி மூன்றும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஒன்பது 'ப்ஃப்'புக்கும் உன் மைக்கின் கதவை நானே கையால் மூடினேன். இந்தத் தடவை தெரிந்தே. பிறகு சரியாக 'சரி'க்கு முன்னால் திறந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்தவனுக்கு எவ்வளவு கேட்டிருக்குமோ அவ்வளவுதான் வைத்திருக்கிறேன். கூர்ந்து கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மேனேஜர் அம்மாவிடம் பழையது ஒட்டு என்று ஒப்புக்கொண்டேன். திட்டினார். இரண்டு நிமிடம் நன்றாகத் திட்டினார். பிறகு புதியதைப் போட்டேன். நாற்பத்தோரு வினாடியில் கைப்பையை மூடப் போனவர் மூடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ரேடியோவுக்கு வேற பாட்டு குடுக்கலாம். இதைத் தொடாதீங்க" என்றார். உன் உடம்பைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அட்டையில் உன் பெயர்தான், பெரிய எழுத்தில்.

தூங்குமூஞ்சி சோபாவில் படுக்கவே இல்லை. முடியும்வரை நின்றான். "அக்கா எப்ப வருவா?" என்றான். "ஓய்வுல இருக்கா" என்றேன். "எண்ண மாட்டேன்னு சொல்லிடு" என்றான். சொல்லிவிட்டேன்.

ஒப்பேத்தல் என்று சொன்னதற்கு என்னால் வளைத்து மன்னிப்பு எழுத முடியவில்லை. நாலு காகிதம் அதில்தான் போயிற்று. அந்த ஐந்து நிமிடத்தை நேற்று மட்டும் பதினோரு தடவை கேட்டேன். மிக்ஸ் பண்ண ஒரு தடவை போதும். மீதிப் பத்துக்கு வேலைக் காரணம் இல்லை.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு பெட்டியைக் கட்டினாள். இரண்டு நாள் பொறு என்று நிறுத்தி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் அவளை நிறுத்த எந்தக் கதவாலும் ஆகாது.

இனி செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடமாட்டேன். மதியம் ரயிலில் நானே எடுத்து வருகிறேன். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படிக்க நேரம் கொடுப்பேன்.

2. உன் முகத்தைப் பார்ப்பேன். நேராக, எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். ஸ்பீக்கர் விலை பேசமாட்டேன்.

3. சைக்கிள் கடைக்காரரைப் பார்த்துக் கும்பிடு போடுவேன்.

4. நீ டிரம்பெட் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். திறந்தால் எதிரில் உட்காருவேன். அம்மாவின் துண்டு கொண்டுவருகிறேன். மாமாவின் ஸ்டாப்வாட்ச் அலமாரியில் கிடைத்தது, பேட்டரி மாற்றிவிட்டேன்.

5. ஒன்றும் வராவிட்டாலும் வாட்ச்சை நிறுத்தமாட்டேன். நீ இன்னும் முடிக்கவில்லை.

6. கதவைத் தட்டுவேன். 'தம்பி' வராது என்று எழுதியிருந்தாய், பரவாயில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். 'டேய்' என்பதற்கு உதடு தேவையே இல்லை. உள்ளேயிருந்து அதைச் சொல், போதும்.

மீட்டர்